இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகையும் ஒரு குடும்ப ரகசியமும்: வரலாற்று நாவல் எழுத முழுமையான வழிகாட்டி

ரகசியம் வெளியே வந்தால் யாருக்கு எத்தனை ஏக்கர் கைமாறும்? இந்தக் கேள்விக்கு ஒரு தாளில் விடை எழுதிவிட்டு நாவலைத் தொடங்குங்கள். மாளிகை, மெழுகுவர்த்தி, பூட்டிய அறை, மழை எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

இந்த வகை நாவல்களின் முதல் வரைவுகள் பாதியில் சரிந்து விழுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ரகசியம் வெறும் அவமானமாக நின்றுவிடுகிறது. தாத்தா செய்த தவறு பேரன் காலத்தில் வெறும் வதந்தி. அதை மறைக்க யாரும் உயிரைக் கொடுக்க மாட்டார்கள். நிலம் அப்படியல்ல. நூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு திருமணம் செல்லாது என்றால் இன்றைக்கு வீட்டில் குடியிருப்பவர் வெளியேற நேரிடலாம். பங்காளிச் சண்டையைக் கிட்டத்தில் பார்த்த தமிழ் வாசகருக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதலில் நிலச் சட்டம்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெரிய குடும்பங்களின் நிலம் பெரும்பாலும் செட்டில்மென்ட் பத்திரத்தில் கட்டுண்டு கிடந்தது. நம் பத்திர எழுத்தர் மொழியில் சொன்னால், வீட்டுக்குத் தலைவராக இருப்பவருக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியம் மட்டும்தான் உண்டு. விற்கவோ உயில் எழுதவோ முடியாது. அவருக்குப் பின் சொத்து 'சட்டப்படி பிறந்த மூத்த மகனுக்கு', அவர் வழி அற்றுப்போனால் அடுத்த மகனுக்கு. விதவைக்கு ஆண்டுத்தொகை, இளைய பிள்ளைகளுக்கு ரொக்கப் பங்கு, பெண்ணுக்குக் கைச்செலவுப் பணம், எல்லாம் அதே பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இந்தக் கட்டை அவிழ்க்க ஒரே ஒரு நாள் வாய்க்கும். மூத்த மகனுக்கு 21 வயது நிறைந்ததும் தந்தையும் மகனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கட்டை உடைக்கலாம். உடைத்த கையோடு அடுத்த தலைமுறைக்குப் புதுக் கட்டு போடுவார்கள். மகனுக்கு அதற்கு ஈடாக உடனே ஆண்டுச் செலவுத்தொகை கிடைக்கும். 21ஆம் பிறந்தநாளில் குடியானவர்களுக்கு விருந்தும் வாணவேடிக்கையும் நடக்கும்போது உள்ளே நூலகத்தில் வக்கீல் பேனாவுடன் காத்திருப்பார். இப்படி ஒரு காட்சி உங்கள் நாவலில் கட்டாயம் இருக்கட்டும்.

1882ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு ஆயுட்கால உரிமையாளரும் நிலத்தை விற்கலாம். ஆனால் பணம் அவர் கைக்கு வராது, அறங்காவலரிடம் போகும். பிரதான மாளிகையை விற்க அறங்காவலர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். பரம்பரை ஓவியங்களுக்கும் வெள்ளிக்கும் நீதிமன்றத்தைத்தான் அணுக வேண்டும். 1860இல் ஒரு பிரபு 'பணமுடையால் மாளிகையை விற்றுவிட்டார்' என்று ஒரே வரியில் எழுதினால், விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடுவார்.

ஆண்டைத் தேர்ந்தெடுத்தல்

மனத்துக்குப் பிடித்த உடை, பிடித்த தொப்பியை வைத்து ஆண்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் ரகசியம் எந்தச் சட்டத்துக்கு முன்னால் சாத்தியம், எதற்குப் பின்னால் அசாத்தியம் என்று பாருங்கள்.

ரகசியத் திருமணம் என்றால் முதல் எல்லைக்கல் 1754 மார்ச் 25. அன்றிலிருந்து இங்கிலாந்தில் திருமணம் தேவாலயத்தில், அறிவிப்போ உரிமமோ பெற்று, பதிவேட்டில் எழுதப்பட்டு நடக்க வேண்டும் என்றானது. ஸ்காட்லாந்துக்கு அந்தச் சட்டம் கிடையாது. அங்கே இருவர் தாங்கள் கணவன் மனைவி என்று மனமொப்பிச் சொன்னாலே திருமணம் செல்லும். அதனால்தான் இளஞ்ஜோடிகள் எல்லை தாண்டிக் கிரெட்னா கிரீனுக்கு ஓடினார்கள். 1857இலிருந்து, இருவரில் ஒருவராவது 21 நாள் ஸ்காட்லாந்தில் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

விவாகரத்துக்கு எல்லைக்கல் 1858. அதற்கு முன் மறுமணம் செய்யும் உரிமையோடு பிரிய வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டும். பிறகு நீதிமன்றம் வந்தது. கணவனுக்கு மனைவியின் பிறன்தொடர்பு மட்டும் போதும். மனைவிக்கோ அதோடு கொடுமை, கைவிடல் போன்ற வேறொரு குற்றமும் சேர வேண்டும். 1923இல்தான் இது சமமானது.

மனநலம் குன்றியவரை அடைத்துவைக்கும் கதை என்றால் 1890 முக்கியம். அதற்கு முன் தனியார் விடுதியில் ஒருவரைச் சேர்க்க உறவினரின் கோரிக்கையும் இரண்டு மருத்துவர் சான்றும் போதும். பிறகு நீதித்துறை நடுவரின் உத்தரவும் வேண்டும். நஞ்சு என்றால் 1851. அவ்வாண்டுச் சட்டப்படி ஆர்சனிக் வாங்குபவர் கடைப் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். சில்லறையில் விற்கும் ஆர்சனிக்கில் கரியோ அவுரியோ கலந்திருக்கும். தேநீரில் நிறம் காட்டிக்கொடுக்கும்.

முறைப்படி பிறக்காத பிள்ளை பற்றிய கதைக்கு 1927 ஜனவரி 1. அன்றிலிருந்து பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் பிள்ளை முறையானதாகும். ஆனால் பிள்ளை பிறந்தபோது இருவரில் ஒருவர் வேறொருவரை மணந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது. பட்டங்களுக்கும் இது பொருந்தாது. இந்த இரண்டு விலக்குகளிலும் நல்ல நாவல்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒரு ரகசியத்தை முழுதாகக் கட்டிப் பார்ப்போம்

மாதிரிக்கு ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். டார்பிஷயரில் மாளிகை. தலைவர் பாரனெட், அதாவது தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் 'சர்' பட்டக்காரர். நாவலின் நிகழ்காலம் 1910.

1852இல், 22 வயதில், ராணுவ அதிகாரியாக ஸ்காட்லாந்தில் இருந்தபோது முந்தைய பாரனெட் ஒரு விடுதிக்காரர் மகளைச் சாட்சிகள் முன் மனைவி என்று அறிவிக்கிறார். ஸ்காட்லாந்தில் அரசுப் பதிவு 1855இல்தான் தொடங்கியது. ஆகவே அரசாங்க ஏடு எதிலும் இந்தத் திருமணம் இல்லை. அந்தப் பெண் கையில் இருக்கும் ஒற்றைத் தாள்தான் ஆதாரம். 1858இல் அவர் ஊர் திரும்பி, அதை இளமை விளையாட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வங்கிக்காரர் மகளைத் தேவாலயத்தில் மணக்கிறார். செட்டில்மென்ட் எழுதப்படுகிறது. 1860இல் மூத்த மகன் பிறக்கிறான். 1871இல் ஸ்காட்லாந்து மனைவி குழந்தையில்லாமல் இறக்கிறாள்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். 1858 திருமணம் செல்லாது. மூத்த மகன் முறையான வாரிசல்ல. தந்தைக்கு இது உறைத்திருக்கிறது. 1872 மே மாதம் அவர் மனைவியை லண்டனுக்கு அழைத்துச்சென்று, முகம் தெரியாத ஒரு தேவாலயத்தில், உரிமம் பெற்று, சத்தமில்லாமல் மறுபடி மணக்கிறார். 1874இல் இளைய மகன் பிறக்கிறான். அவன்தான் சட்டப்படி முதல் வாரிசு.

அண்ணனுக்கு இது தெரியாது. தம்பிக்கும் தெரியாது. 1881இல் அண்ணன் 21 வயதில் கையெழுத்திட்டுக் கட்டை உடைத்தான். உடைக்க அவனுக்கு அதிகாரமே இல்லை. அதன்பேரில் நடந்த ஒவ்வொரு கிரயத்திலும் இப்போது வில்லங்கம்.

1899இல் தந்தை இறக்கிறார். நிலத்தை மீட்கும் வழக்குக்கு 1874ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த கெடு 12 ஆண்டு. உரிமை தம்பிக்குக் கனிந்தது 1899இல் என்பதால் கெடு 1911இல் முடிகிறது. மோசடி மறைக்கப்பட்டிருந்தால் கெடு நீளும் என்று தம்பியின் வக்கீல் வாதிடலாம். அந்த நிச்சயமின்மை கதைக்கு நல்லது. பட்டத்துக்கோ இந்தக் கெடு கிடையாது. 1910இல் அரசர் ஆணையால் பாரனெட்டுகளுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் ஒன்று ஏற்பட்டது. பெயர் அதில் ஏற வாரிசுரிமையைச் சான்றோடு நிரூபிக்க வேண்டும். எனவே அண்ணன் தன் பெற்றோரின் திருமணச் சான்றைத் தேடி வக்கீலை அனுப்புகிறான். லண்டன் சோமர்செட் ஹவுஸில் இருந்த அட்டவணைகளைப் புரட்டும் எழுத்தருக்கு ஒரே தம்பதிக்கு இரண்டு திருமணப் பதிவுகள் கண்ணில் படுகின்றன.

பாருங்கள், இதில் வில்லன் தேவைப்படவில்லை. அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு வாக்குறுதியும் ஐந்து சட்டங்களும் கதையை நகர்த்துகின்றன. உங்கள் ரகசியத்தையும் இப்படி ஆண்டுகளாக எழுதி, ஒவ்வொரு பாத்திரத்தின் வயதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள். 1872இல் மணப்பெண்ணுக்கு 34, 1910இல் 72. உடன்வந்த பணிப்பெண்ணுக்கு அன்று 24 என்றால் 1910இல் 62. இருவரும் உயிரோடு இருக்கலாம். இருவரும் ஒரே மாளிகை எல்லைக்குள் வசிக்கலாம்.

தாள்கள்: நாவலின் நாயகர்கள்

பரண்மேல் கண்டெடுத்த நாட்குறிப்பு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிடும் உத்தியை விட்டுவிடுங்கள். மறைக்க நினைப்பவர் விளக்கமாக எழுதிவைக்க மாட்டார். தான் சாட்சி சொல்கிறோம் என்று தெரியாத தாளைத் தேடுங்கள்.

1872 தேவாலயப் பதிவை அருகில் வைத்துப் பார்ப்போம். 1837க்குப் பிந்தைய திருமணப் பதிவில் அச்சிட்ட கட்டங்கள் இருக்கும்: தேதி, பெயர், வயது, நிலை, தொழில், வசிப்பிடம், தந்தை பெயர், தந்தை தொழில். கீழே தம்பதியின் கையெழுத்தும் சாட்சிகள் இருவரின் கையெழுத்தும். 'நிலை' என்ற அந்தச் சின்னக் கட்டத்தில்தான் முழு நாவலும் இருக்கிறது. 14 ஆண்டு மாளிகையை ஆண்ட சீமாட்டி, பன்னிரண்டு வயது மகனின் தாய், அங்கே 'மணமாகாதவள்' என்று எழுதப்படுகிறாள். கன்னிப்பருவப் பெயரில் கையெழுத்திடுகிறாள். பழக்கத்தில் கை கணவன் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைத் தொடங்கிவிட்டு, அதை அடித்துத் திருத்தியிருக்கலாம். கணவன் தன் கட்டத்தில் 'மனைவியை இழந்தவர்' என்று உண்மையை எழுதினானா, 'மணமாகாதவர்' என்று பொய் எழுதினானா? பொய் எழுதினாலும் திருமணம் செல்லும். ஆனால் அவன் எப்படிப்பட்டவன் என்பதை அந்த ஒரு சொல் வாசகருக்குச் சொல்லிவிடும். உரிமம் பெற இருவரில் ஒருவர் அந்தப் பங்கில், அதாவது அந்தத் தேவாலயத்தின் எல்லைக்குள், 15 நாள் குடியிருந்திருக்க வேண்டும். ஆக, அந்த இரண்டு வாரம் அவர் எங்கே தங்கினார், ஊரில் என்ன காரணம் சொன்னார் என்பதற்கும் உங்களிடம் விடை இருக்க வேண்டும்.

சாட்சிகளில் ஒருத்தி பணிப்பெண். இப்போது மாளிகையின் சம்பள ஏட்டைத் திறங்கள். 1872 ஜூன் 24 கணக்குநாளில் அந்தப் பெண்ணின் ஆண்டுச் சம்பளம் 20 பவுண்டிலிருந்து 40 பவுண்டாக ஏறியிருக்கிறது. காரணம் எழுதப்படவில்லை. பயணச் செலவு ஏட்டில் லண்டனுக்கு இரண்டு முதல் வகுப்புச் சீட்டு, ஒரு மூன்றாம் வகுப்புச் சீட்டு. மிட்லண்ட் ரயில்வே தன் எல்லா ரயில்களிலும் மூன்றாம் வகுப்பை அனுமதித்தது 1872 ஏப்ரல் 1 முதல்தான். அதனால் எஜமானியும் பணிப்பெண்ணும் ஒரே ரயிலில் போயிருக்க முடியும். ஓராண்டு முன்னதாக வைத்தால் இந்தச் சீட்டை நம்ப முடியாது.

மூன்றாவது தாள் ஸ்காட்லாந்து இறப்புப் பதிவு. இங்கிலாந்து இறப்புச் சான்றைவிட இது நிறையப் பேசும். இறந்தவரின் பெற்றோர் பெயரோடு கணவன் அல்லது மனைவியின் பெயரும் இருக்கும். 1871இல் விடுதிக்காரர் மகள் இறந்தபோது, தகவல் சொல்லப்போன அவளுடைய தங்கை கணவன் பெயரைச் சொல்லிவிட்டாள். யாரும் கேட்காததால் அது நாற்பது ஆண்டு அங்கேயே கிடந்தது.

தாள்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். பதிவேட்டுப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் ரகசியம் அழிந்துவிடும் என்று எழுதாதீர்கள். 1837க்குப் பிறகு பதிவேடு இரண்டு பிரதி, அதோடு காலாண்டுக்கு ஒருமுறை நகல் மத்திய அலுவலகத்துக்குப் போகும். அதற்கு முந்தைய காலத்திலும் ஆண்டுதோறும் ஆயருக்கு நகல் அனுப்பும் வழக்கம் இருந்தது. கிழிப்பவனுக்கு இது தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய கடிதம் போலி என்று காட்ட நீரோட்டக் குறியைப் பயன்படுத்தலாம்: ஆங்கிலக் காகித ஆலைகள் 1794 முதல் தாளில் ஆண்டைப் பதிக்கத் தொடங்கின. 1788 தேதியிட்ட கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் 1801 தெரிகிறது என்ற காட்சி இன்னும் சலிக்கவில்லை. 1840 ஜனவரியில் ஒரு பென்னி அஞ்சல் வருமுன் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுபவரே காசு கொடுப்பார். உறை வைத்தால் அது இன்னொரு தாளாகக் கணக்காகும். அதனால் மடித்து அரக்கு முத்திரை வைப்பார்கள், எழுதிய தாளைத் திருப்பிப் பிடித்துக் குறுக்கேயும் எழுதுவார்கள். 1752க்கு முன் ஆங்கில ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது. '1740 பிப்ரவரி' என்று பத்திரத்தில் இருந்தால் நம் கணக்கில் அது 1741. 1752 செப்டம்பரில் 2ஆம் தேதிக்கு மறுநாள் 14ஆம் தேதி. பிறந்தநாளை வைத்து வயதை நிரூபிக்கும் கதையில் இந்தப் பதினொரு நாள் கழுத்தை அறுக்கும், அல்லது காப்பாற்றும்.

வீட்டிலிருந்தே தேட

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகொண்டே செய்யக்கூடியது நிறைய. இங்கிலாந்துப் பொதுப் பதிவு அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதல் பிறப்புகளைத் தேடலாம். தாயின் கன்னிப்பருவப் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தால் பெற்றோர் மணமாகாதவர்கள் என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். அந்த வெற்றிடமே நல்ல அத்தியாய முடிவு. உயில்கள் 1858 ஜனவரி முதல் அரசிடம், அதற்கு முன் திருச்சபை நீதிமன்றங்களில். பெயர் வாரியான மக்கள்தொகைக் கணக்கு 1841 முதல் உண்டு. 1911 கணக்கில் மணமான பெண்களிடம் எத்தனை ஆண்டு மணவாழ்க்கை, எத்தனை குழந்தை பிறந்தன, எத்தனை உயிரோடு என்று கேட்டார்கள். குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய படிவங்களே இன்றும் இருக்கின்றன. நம் மாதிரிக் கதையை 1911 ஏப்ரல் 2 இரவுக்கு நீட்டினால் அண்ணன் அந்தப் படிவத்தின் முன் பேனாவோடு உட்காரலாம். 1931 கணக்கு 1942இல் தீயில் அழிந்தது, 1941இல் கணக்கே எடுக்கவில்லை. நிகழ்காலத்தில் தேடும் பாத்திரம் இவற்றைப் 'பார்த்ததாக' எழுதிவிடாதீர்கள். நிலப்படங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளம். இங்கிலாந்தின் பழைய அளவைப் படங்களையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம்.

மாளிகைக்கு வரைபடம் போடுங்கள்

கோட்டுத்தாளில் மூன்று தளம் வரையுங்கள். விருந்தினர் பார்க்கும் வீடு ஒன்று, வேலைக்காரர் நடமாடும் வீடு ஒன்று, இரண்டும் ஒரே சுவர்களுக்குள். 17ஆம் நூற்றாண்டு நடுவில் ரோஜர் பிராட் கட்டிய கோல்ஸ்ஹில் மாளிகையில் நடுவே நீண்ட நடைபாதையும் பின் மாடிப்படிகளும் வந்தன. அதற்கு முன் பெரும்பாலான வீடுகளில் ஓர் அறையைக் கடந்துதான் அடுத்த அறைக்குப் போக முடியும். 1600இல் நடக்கும் கதையில் 'யாரும் பார்க்காமல் நடைபாதை வழியே' ஓடினாள் என்று எழுதும்முன் நடைபாதை இருந்ததா என்று பாருங்கள். கம்பி இழுத்து மணியடிக்கும் ஏற்பாடு 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. அதற்கு முன் வேலைக்காரர் கூப்பிடு தூரத்தில், பெரும்பாலும் கதவுக்கு வெளியே, காத்திருந்தார்கள். எல்லாவற்றையும் கேட்டார்கள். மணி வந்ததும் அவர்கள் தூரப் போனார்கள், ரகசியம் பேசுவது சுலபமானது. ஒரு கம்பி கதையின் போக்கையே மாற்றும்.

கட்டாயம் இடம் குறிக்க வேண்டியவை: இரு உலகங்களையும் பிரிக்கும் பச்சைக் கம்பளித்துணி அறைந்த கதவு, வெள்ளிப் பாத்திரங்கள் இருக்கும் பட்லர் (ஆண் வேலைக்காரர்களின் தலைவர்) அறை, ஹவுஸ்கீப்பர் (பெண் வேலைக்காரர்களின் தலைவி) அறை, குழந்தைகள் தளம், பத்திர அறை, குடும்பக் கல்லறை, விதவைத் தாய்க்கான தனி வீடு. பத்திர அறை பெரும்பாலும் தீக்குப் பயந்து கற்கூரையும் இரும்புக் கதவும் கொண்டதாக இருக்கும். சாவி யாரிடம்? இரண்டாவது சாவி இருந்ததா? இதை மூன்றாம் அத்தியாயத்துக்குள் வாசகருக்குச் சொல்லிவிடுங்கள். வெளிச்சமும் முக்கியம். நார்தம்பர்லாந்தின் கிராக்சைடு 1880இலேயே மின்விளக்கு ஏற்றிய வீடு, ஆனால் அது விதிவிலக்கு. 1910இல்கூடப் பல மாளிகைகளில் மண்ணெண்ணெய் விளக்குதான், படுக்கைக்கு மெழுகுவர்த்திதான்.

நிஜ வீடு ஒன்றைப் படித்துப் பார்க்க விரும்பினால் டார்பிஷயரின் கால்க் அபே. ஹார்பர் க்ரூ குடும்பம் அறைகளை ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டே போனது. 1985இல் பழைய வீடுகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தபோது, சீனப் பட்டு மஞ்சத் திரைகள் பெட்டியிலிருந்து விரிக்கப்படாமலே, நிறம் மங்காமல் கிடந்தன. வேலைக்காரர் வாழ்வுக்கு வேல்ஸின் எர்டிக்: வேலைக்காரர்களுக்கு உருவப்படம் வரைந்து பாட்டும் எழுதி வைத்த அபூர்வ வீடு.

வேலைக்காரர்கள் ஊமைகள் அல்லர்

வீட்டில் ரகசியத்தை முதலில் அறிபவர் துணி வெளுப்பவள். கர்ப்பம், மாதவிலக்கு, நோய், யார் எந்தப் படுக்கையில் தூங்கினார் என்பதெல்லாம் விரிப்பில் தெரியும். அடுத்து அந்தரங்கப் பணிப்பெண். கடிதப் பையைத் திறந்து பிரித்துக்கொடுப்பவர் பட்லர். எனவே 'எப்படிக் கண்டுபிடித்தார்கள்' என்று கேட்பதைவிட, 'தெரிந்தும் ஏன் சொல்லவில்லை' என்று ஒவ்வொருவருக்கும் எழுதிவையுங்கள். நற்சான்றுக் கடிதம் இல்லாமல் வேறு வேலை கிடைக்காது. ஓய்வுக் குடிசை எஜமானர் விருப்பப்படிதான். 40 பவுண்டு சம்பளம் மௌனத்தின் விலையா, நன்றியின் அளவா என்று அந்தப் பெண்ணுக்கே தெளிவில்லாமல் இருக்கட்டும்.

அழைக்கும் முறையில் தவறு அதிகம். பட்லரைக் குடும்பத்தார் வெறும் குடும்பப் பெயரால் அழைப்பார்கள், கீழ்நிலை வேலைக்காரர் 'மிஸ்டர்' சேர்ப்பார்கள். ஹவுஸ்கீப்பர் மணமாகாதவளானாலும் 'மிஸஸ்'தான். பாரனெட் 'சர்' உடன் முதற்பெயர் சேர்ப்பார், அவர் மனைவி 'லேடி' உடன் குடும்பப் பெயர் சேர்ப்பாள். 'லேடி' உடன் முதற்பெயர் வந்தால் அவள் பிறப்பிலேயே ஏர்ல், மார்க்விஸ் அல்லது டியூக்கின் மகள். இந்த ஒரு பிழை முதல் பக்கத்திலேயே எழுத்தாளரைக் காட்டிக்கொடுக்கும்.

பணம் எங்கிருந்து வந்தது

மாளிகைக்குக் கல் வாங்கிய காசின் ஊற்றைத் தேடாமல் இந்த வகை நாவலை இனி எழுதக்கூடாது. கரும்புத் தோட்ட அடிமைகளின் உழைப்பு பல வீடுகளைக் கட்டியது. யார்க்ஷயரின் ஹேர்வுட் மாளிகைக்குப் பின்னால் லாசல்ஸ் குடும்பத்தின் சர்க்கரை வணிகம் இருந்தது. அடிமைமுறை ஒழிப்பின்போது உரிமையாளர்களுக்கு அரசு ஒதுக்கிய ஈட்டுத்தொகை 2 கோடி பவுண்டு. யார் எவ்வளவு வாங்கினார் என்பதை லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் தொகுத்த இணையத் தரவுத்தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம்.

நமக்கு நேரடித் தொடர்புள்ள வீடும் உண்டு. ஹெர்ட்போர்ட்ஷயரின் உட்ஹால் பார்க் மாளிகையை 1777இல் கட்டத் தொடங்கியவர் தாமஸ் ரம்போல்ட். அடுத்த ஆண்டே சென்னை ஆளுநரானார். அவருக்குப் பின் அதை வாங்கிய பால் பென்பீல்ட், ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்து, தஞ்சாவூர் வயல்களின் விளைச்சல்மேலேயே உரிமை கோரியவர். அந்தச் சண்டையில் ஆளுநர் பிகாட் 1776இல் சென்னையிலேயே சிறைவைக்கப்பட்டு மறு ஆண்டு காவலில் இறந்தார். பென்பீல்ட் கடைசியில் நொடித்துப்போய் 1810இல் பாரிஸில் இறந்தார். தமிழில் எழுதுபவர் இங்கிருந்து ஒரு கதை எடுத்தால் வேறு யாராலும் எழுத முடியாததை எழுதலாம். கம்பெனி அதிகாரிகள் சென்னையில் விட்டுவந்த பிள்ளைகள் உயில்களிலும் ஞானஸ்நானப் பதிவுகளிலும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் சென்னை மாகாணத் திருச்சபைப் பதிவுகள் 'என்/2' என்ற வரிசையில் உள்ளன. தாயின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பல பதிவுகளில் வெறும் 'உள்ளூர்ப் பெண்' என்ற குறிப்புதான்.

வெளிப்படுத்தும் வரிசை

60,000 முதல் 70,000 சொல், 30 அத்தியாயம் என்று வைத்தால் 1910க்கு இருபது, கடந்த காலத்துக்குப் பத்து. கடந்தகால அத்தியாயம் நிகழ்காலத்துக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொன்னால் வெட்டுங்கள். ஒரு விதி உதவும்: வாசகர் எப்போதும் ஒரு தாளால் முன்னே அல்லது பின்னே இருக்க வேண்டும், பாத்திரத்தோடு சமமாக நிற்கக் கூடாது. சம்பள ஏடு 5ஆம் அத்தியாயத்தில், யாரும் பொருட்படுத்தாமல். இரண்டு திருமணப் பதிவு 11இல். அது அன்பின் பேரில் செய்த மறுமணம் என்று முதலில் எல்லோரும் நினைக்கட்டும். 'மணமாகாதவள்' என்ற சொல்லைக் கூர்ந்து பார்ப்பது 16இல். ஸ்காட்லாந்து 20இல். 24க்கு மேல் புதிய உண்மை எதுவும் வேண்டாம். மீதி ஆறு அத்தியாயமும், தெரிந்ததை வைத்துக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதற்கு.

தமிழில் எழுதுவதன் பலமும் சிக்கலும்

ஆங்கில எழுத்தாளர் ஒரே சொல்லில் சகோதரன் என்று சொல்லி நழுவிவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அண்ணனா தம்பியா என்று முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். யார் மூத்தவன் என்பதே வழக்காக இருக்கும் நாவலில் இது தடையல்ல, கூர்மையான கருவி. பிறப்பால் அண்ணனாகவே இருப்பவன் சட்டத்தில் வாரிசல்லன் ஆகிறான். 'அண்ணா' என்று அழைக்கும்போது தம்பிக்கு நாக்கு ஒரு கணம் தயங்கினால் போதும், பக்கம் பக்கமாக விளக்க வேண்டாம். அதேபோலத் தந்தை வழி உறவையும் தாய் வழி உறவையும் தமிழ் பிரித்தே சொல்லும். பட்டம் தந்தை வழியே போவதால், சித்தப்பா மகனையும் மாமா மகனையும் வாசகர் உடனே பிரித்தறிவார்.

'நீ', 'நீங்கள்', 'அவள்', 'அவர்' ஆகியவற்றை முன்கூட்டியே அட்டவணையிடுங்கள். எஜமானி பணிப்பெண்ணை 'நீ' என்பாள், பணிப்பெண் 'நீங்கள்' என்பாள். கதைசொல்லி பணிப்பெண்ணை 'அவள்' என்றும் சீமாட்டியை 'அவர்' என்றும் குறிப்பிட்டால் நீங்களும் அந்த வீட்டின் படிநிலையில் ஒரு பக்கம் நின்றுவிட்டீர்கள். இருவருக்கும் ஒரே மரியாதை கொடுப்பதே நல்லது. ஏற்றத்தாழ்வு உரையாடலில் மட்டும் ஒலிக்கட்டும். 'மை லேடி', 'சர்' போன்றவற்றை அப்படியே வையுங்கள். 'ஐயா', 'அம்மா' என்று மாற்றினால் டார்பிஷயர் தஞ்சாவூர் ஆகிவிடும்.

1910இல் அந்த இரண்டு கிழவிகளும் சந்திக்கும் காட்சிக்காக ஒன்றைச் சேமித்துவையுங்கள். முப்பத்தெட்டு ஆண்டு 'நீ' என்று அழைத்த சீமாட்டி, சாட்சிக் கையெழுத்தைப் பற்றிக் கேட்க ஓய்வுக் குடிசைக்கு நடந்துவருகிறாள். அடுப்பருகே இருக்கும் ஒரே நாற்காலியைப் பணிப்பெண் துடைத்துப் போடுகிறாள். சீமாட்டி உட்காரவில்லை. "நீங்கள் யாரிடமாவது சொன்னீர்களா?" என்று கேட்கிறாள்.